மதியச் சாப்பாட்டு நேரத்துத் திமிங்கிலங்கள்

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், ஒரு தபால் உறைக்குள், இரண்டு முழ நீளமான பச்சை நைலோன் கயிறு ஒன்று இருக்கிறது. மீன்வலையின் ஓரத்தில் கோக்கும் வகை. ஒரு முனை நெருப்பில் உருக்கி உருட்டப்பட்டிருக்கிறது. மறுமுனை பிரிந்து பஞ்சாகிவிட்டது. அதில் இருபத்தேழு முடிச்சுகள். இடைவெளி ஒரே அளவாக இல்லை. சில இடங்களில் இரண்டிரண்டாக நெருங்கி நிற்கின்றன, சில இடங்களில் விரற்கடை அளவு வெறுமை. நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருநாளும் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன். என் வீட்டில் மின்சாரப் பட்டியல் முதல் மருந்துச் சீட்டு வரை எல்லா உறைகளின் மேலும் இன்னது, இன்ன நாள் என்று எழுதியிருக்கும். இந்த உறையின் மேல் மட்டும் எதுவும் எழுதப்படவில்லை.

கயிறு சுக்கானியாருடையது. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து திருகோணமலைக்கு, கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் மட்டும், ஒரு பயணிகள் படகு ஓடியது. இரண்டு பருவங்கள்தான் ஓடியது. இன்று பலருக்கு அது நினைவிலேயே இல்லை. எண்பது பேர் அமரலாம். கோணேசர் கோயிலுக்குப் போகும் குடும்பங்கள், விடுமுறைக்கு வந்த வெளிநாட்டு உறவினர்கள், ஓட்டமாவடியிலிருந்து கடலைப் பார்க்கவென்றே ஏறும் வியாபாரிகள் என்று கூட்டம் குறைவில்லாமல் இருந்தது. அந்தப் படகை ஓட்டியவரைத்தான் எல்லோரும் சுக்கானியார் என்று கூப்பிட்டோம். ஆரையம்பதிக்காரர், மீன்பிடிக் குடும்பம், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மெலிந்த உடம்பு. சுக்கானை ஒரு முழங்காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் தோடம்பழம் உரிப்பார். அப்போதும் கண் கடலைவிட்டு விலகாது.

படகுக்கு அனுமதி கொடுத்தபோது ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். திருகோணமலைக்குக் கிட்ட, கலங்கரை விளக்கம் நிற்கும் முனையைத் தாண்டியதும் கடலடி திடீரென்று பெரும் பள்ளமாக இறங்குகிறது. அந்தப் பள்ளத்தின் மேல் திமிங்கிலங்கள் வரக்கூடும் என்பதால் படகு அங்கே வேகத்தைக் குறைத்துப் போக வேண்டும். படகிலேயே ஒருவர் நின்று, வழி முழுவதும் திமிங்கிலங்களையும், டொல்பின் எனப்படும் ஓங்கல்களையும் கண்காணித்து எழுத வேண்டும். ஒரு பருவத்துப் பதிவைப் பார்த்தபின், வேகத்தைக் கூட்டலாமா என்று முடிவெடுக்கலாம். எழுதுவதற்கு எடுக்கப்பட்டவன் நான். அதற்கு முன் பதினேழு ஆண்டுகள் குளங்களின் நீர்மட்டத்தை அளந்து எழுதிக்கொண்டிருந்தேன். கடல் எனக்குத் தெரியாது. அளவுகோலில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ, அந்தக் கோட்டை எழுதத் தெரியும். அதற்காகத்தான் உங்களை எடுத்தோம் என்று கண்காணிப்புக்குப் பொறுப்பாக இருந்த அம்மணி சொன்னார்.

அவர் கொழும்பிலிருந்து வந்து எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். அரை மணிக்கு ஒரு வரி. நேரம், இடம், காற்று, அலை, பார்வைத் தெளிவு, கண்டது. எதுவும் காணாவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது, ‘இல்லை’ என்று எழுத வேண்டும். இல்லை என்பதும் ஒரு பதிவுதான் என்றார். அந்த வார்த்தை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒருவரால் ஒழுங்காகக் கடலைப் பார்க்க முடியாது, ஆகவே அரை மணி ஓய்வு கட்டாயம். ஓய்வில் இருக்கும்போது கண்ணில் பட்டதைக் கடமை நேரத்து வரிகளுக்குள் கலக்கக் கூடாது. கலந்தால் முழுப் பதிவும் கெட்டுவிடும். கடலில் வெள்ளை நுரை எழும்பினாலும் கண்காணிப்பை நிறுத்த வேண்டும். பின்னேரம் திரும்பி வரும்போது காற்று எழும்பி நுரை தள்ளாத நாள் அந்த மாதங்களில் அபூர்வம். ஆகவே என் பதிவு பெரும்பாலும் காலைப் பயணத்தின் பதிவுதான்.

படகு காலை எட்டரைக்குப் புறப்படும். பன்னிரண்டுக்குச் சற்று முன் முனையைக் கடக்கும். பன்னிரண்டேமுக்காலுக்குத் துறைக்குள் இருக்கும். படகின் பின்புறத்தில் தேநீர்க்கடை வைத்திருந்தவர் காத்தான்குடிக்காரர், எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். துறைக்குள் நுழையுமுன் அவர் கடையைக் கட்டிவிட வேண்டும். ஆகவே சரியாகப் பன்னிரண்டு மணிக்குச் சோற்றுப் பானையின் மூடியைக் கரண்டியால் மூன்று தரம் தட்டுவார். அதுதான் என் ஓய்வு நேரத்தின் மணி. நான் தாளில் ‘12.00 – 12.30 ஓய்வு’ என்று எழுதிவிட்டு, தூரக்கண்ணாடியை உறையில் போட்டுவிட்டு இறங்குவேன். இரண்டு நிமிடம் சுணங்கினாலும் நானா மேலே எட்டிப் பார்ப்பார்.

“சேர், சோறு ஆறிப்போகும். திமிங்கிலம் ஆறாது. வாங்க.”

ஓய்வு முடிந்து நான் மேலே ஏறும்போது படகு துறையின் வாய்க்குள் நுழைந்திருக்கும். துறைக்குள் கண்காணிப்பு இல்லை. அன்றைய தாள் முடிந்துவிடும்.

படகு கரை சேர்ந்த பிறகுதான் சுக்கானியார் சாப்பிடுவார். ஆகவே அந்த அரை மணியில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். முதல் பருவம் தொடங்கி இரண்டாவது கிழமையிலேயே சொன்னார், முனை கழிந்ததும் திமிங்கிலம் ஊதுது, இண்டைக்கும் ஊதினது என்று. நான் தலையாட்டினேன். எனக்கு அவர் வைத்த பெயர் கிளாக்கர், அதாவது குமாஸ்தா. நான் கிளாக்கர் அல்ல என்று ஒருமுறை திருத்தினேன். பிறகு அதிகமாகக் கூப்பிட்டார்.

ஒருநாள் சாப்பாட்டின் நடுவில் சுக்கான் அறையிலிருந்து அவர் குரல் கேட்டது. சோறு பிசைந்த கையோடு ஏறி ஓடினேன். இடப்பக்கத்தில், நம்ப முடியாத அளவு கிட்டத்தில், நீலமும் சாம்பலும் கலந்த ஒரு முதுகு தண்ணீரிலிருந்து எழுந்து, முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. முதுகு முடியும் என்று நினைத்த இடத்தில் இன்னும் முதுகு வந்தது. பிறகு மூச்சு எழுந்தது. கம்பம்போல நிமிர்ந்து, மேலே போய்ச் சிதறி, மீன் நாற்றத்தோடு காற்றில் எங்கள் முகத்துக்கு வந்தது. பயணிகள் ஒரு பக்கமாக ஓடினார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“கண்டயளா?” என்றார்.

“ஓம்.”

“அப்ப எழுதுங்க.”

“பன்னிரண்டு பத்து. இது ஓய்வு நேரம். இதில கண்டத எழுதக் கூடாது.”

அவர் என் கையிலிருந்த சோற்றைப் பார்த்தார். “அதுக்கு மணிக்கூடு தெரியா, கிளாக்கர். எழுதுறதெண்டா எழுதுங்க, இல்லாட்டிப் போய்ச் சோத்தத் தின்னுங்க. நடுவில நிண்டு எனக்குக் கடல மறைக்க வேணாம்.”

நான் போய்ச் சாப்பிட்டேன். மறுநாள் திசைகாட்டிப் பெட்டியின் கொளுக்கியில் இந்தப் பச்சைக் கயிறு தொங்கியது, ஒரு முடிச்சோடு. சில நாட்களில் நாலு முடிச்சாகியது. தேநீர் கொண்டுவந்த நானா அதைப் பார்த்துவிட்டு, “என்ன இது, கோயிலுக்கு நேர்த்தியா?” என்றார்.

“ஓம் நானா. கிளாக்கருக்குப் புத்தி வர வேணுமெண்டு நேர்த்தி. ஊதினா ஒரு முடிச்சு. ஆகப் பெரிசெண்டா ரெண்டு.”

மூன்று பேரும் சிரித்தோம். நான் சிரித்ததும் உண்மைதான். உள்ளுக்குள் அந்த ‘ரெண்டு’ என்னை உறுத்தியது. ஒன்றை இரண்டாக எண்ணுகிற மனிதரின் கண்ணை எப்படி நம்புவது என்று அன்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை இப்போதும் வாசிக்க முடியும். என் கையெழுத்து எப்போதும் தெளிவானது.

பருவம் முடிந்ததும் தாள்களைக் கொடுத்தேன். ஓங்கல்களை நூற்றுக்கணக்கில் கண்டிருந்தேன். திமிங்கிலம் இரண்டே தரம், அதுவும் தூரத்தில், முனைக்கு இப்பால். அலுவலகத்தில் அவற்றை ஒரு வரைபடமாக்கினார்கள். ஓங்கலுக்கு நீலப் புள்ளி, திமிங்கிலத்துக்குச் சிவப்புப் புள்ளி. முனைக்கு அப்பால் உள்ள ஆழக்கடல் வெள்ளையாக இருந்தது. நான் பார்த்து எதுவும் காணாத கடலுக்கும் அங்கே வெள்ளை. நான் பார்க்கவே பார்க்காத கடலுக்கும் அதே வெள்ளை. சரிபார்க்கும்படி என்னிடம் தந்தார்கள். ஒரு மாலை முழுவதும் இருந்து ஒவ்வொரு புள்ளியையும் தாளோடு ஒப்பிட்டேன். விரல் அகலம் விலகி நின்ற ஒரு நீலப் புள்ளியைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். கையொப்பம் இட்டேன். பன்னிரண்டு மணி என்பது எனக்கு ஒரு நேரம் மட்டுமே. படகு நாள்தோறும் ஒரே அட்டவணைப்படி ஓடியதால் அது ஓர் இடமாகவும் ஆகிவிட்டிருந்தது.

எனக்குத் தெரியாமல் போனது என்று இந்தக் கதையை முடித்துவிடலாம் என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும். வரைபடத்தின் ஒரு பிரதியைப் பயணிகள் காத்திருக்கும் மண்டபத்தில் ஒட்டியிருந்தார்கள். இரண்டாம் பருவத்தின் முதல் நாள், சுக்கானியார் அதன் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்த வெள்ளையின் நடுவில் விரலை வைத்தார்.

“கிளாக்கர், இதுக்குள்ள இருந்துதானே நீங்க சோறு தின்னுற?”

அது எனக்கு உடனே விளங்கியது. “படம் கீறினது அலுவலகம். நான் எழுதினது சரி” என்றேன்.

“நீங்க எழுதினது எப்பவும் சரிதான்” என்றார்.

அந்தப் பருவத்தில் ஆழக்கடலில் முழு வேகத்தில் போகலாம் என்று அனுமதி வந்தது. படகுக்காரர்களுக்கு அது பெரிய ஆறுதல். பயணம் கால்மணி குறைந்தது. சுக்கானியார் முதல் சில நாட்கள் முனை கழிந்ததும் தாமாகவே வேகத்தைக் குறைத்தார். படகு ஏன் பிந்துகிறது என்று கேள்வி வந்தது. முனையைக் கடக்கும் நேரமும் துறையில் படகு கட்டும் நேரமும் என் தாள்களில் நிமிட சுத்தமாக இருந்தன. அவற்றை வைத்தே அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “இனி உங்கட மணிக்கூட்டுக்கு ஓடுறன்” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. கயிற்றில் முடிச்சுகள் மட்டும் கூடின.

அது நடந்த நாளில் நானாவின் கறி கணவாய் மீன். வாங்குப் பலகையில் உட்கார்ந்து இரண்டாவது பிடி சோற்றை எடுத்தேன். மணல்திட்டில் ஏறியது போல படகு ஒருமுறை தூக்கிப் போட்டது. அங்கே மணல்திட்டு இல்லை, அடி காணாத பள்ளம். தட்டுகள் பறந்தன. நின்றவர்கள் எல்லாம் முன்னால் போய் விழுந்தார்கள். செங்கலடியிலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்த ஓர் ஆசிரியையின் கை இரும்புத் தூணில் மோதி முறிந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. இயந்திரம் நின்றது. பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தோம். திமிங்கிலம் ஒருமுறை புரண்டது. வெளிறிய அடிவயிறு தெரிந்தது. பிறகு மூச்சு விட்டது. அந்த மூச்சு சிவப்பாக எழும்பி, எழுந்த அளவுக்கே கீழே விழுந்தது. சுக்கானியார் இறங்கி வந்து, ஆசிரியையின் கையைத் தன் சாரத்துண்டால் கட்டிவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு பதினொன்று. மேலே போய் எழுதினேன். இரண்டு பருவங்களில் அந்த அரை மணிக்குள் நான் எழுதிய முதல் வரி அதுதான்.

விசாரணை திருகோணமலையில் நடந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். கவனயீனமாக ஓட்டினார் என்பது குற்றச்சாட்டு. சுக்கானியார் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். அந்தக் கடலில் திமிங்கிலம் வரும், அதனால்தான் முன்பு வேகத்தைக் குறைத்தேன், அதற்குக் கடிதம் தந்தது நீங்கள்தான் என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

நடுவில் இருந்தவர் அதைப் பேனாவால் தள்ளிப் பார்த்தார். “இதில் தேதி எங்கே?”

“கயித்தில தேதி எப்பிடி ஐயா எழுதுற?”

யாரோ சிரித்தார்கள். இருபத்தாறு முடிச்சா, அப்படியென்றால் இருபத்தாறு திமிங்கிலமா என்று கேட்டார்கள். சுக்கானியார் பொய் சொல்லத் தெரியாதவர். “இல்ல ஐயா. ஆகப் பெரிசுக்கு ரெண்டு போட்டன்” என்றார். மறுபடி சிரிப்பு. அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“கண்காணிப்பாளர் நீங்கள்தானே? இது ஒரு பதிவா?”

“இல்லை” என்றேன்.

“விபத்து நாளுக்கு முன், உங்கள் தாள்களில் இந்தப் பகுதியில் திமிங்கிலம் கண்டதாக ஒரு வரியாவது இருக்கிறதா?”

“இல்லை.”

இரண்டும் உண்மை. அந்த நேரத்தில் அங்கே பார்த்து எழுதுவதற்கு யாரும் இருக்கவில்லை என்று மூன்றாவதாக ஓர் உண்மை இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். பிறகு அந்த அதிகாரி சுக்கானியாரிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியின் நேர்த்தியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. இந்தக் கயிறு பொய் என்றால் உங்களிடம் ஆதாரம் இல்லை. மெய் என்றால், திமிங்கிலம் இருப்பது தெரிந்தே முழு வேகத்தில் போயிருக்கிறீர்கள், எது சரி என்றார். சுக்கானியாரும் சிரித்தார். “ஐயா கேக்கிற மாதிரிப் பாத்தா, நான் பிறந்ததே பிழை” என்றார். படகு ஓட்டும் சான்றிதழைப் பறித்தார்கள். அவர் எழுந்து போகும்போது கயிற்றை எடுக்கவில்லை. அறை காலியானதும் நான் எடுத்துக்கொண்டேன். படகு அத்தோடு நின்றுபோனது. எனக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் கிடைத்தது. மிகத் துல்லியமானவர் என்று அதில் எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் பழைய நாட்குறிப்பைப் புரட்டினேன். பயிற்சி நடந்த இரண்டாம் நாளின் பக்கம். அம்மணி சொன்னவற்றை வரிசையாக எழுதியிருந்தேன். ஓய்வு நேரத்தில் கண்டவற்றைக் கடமை வரிகளில் கலக்கக் கூடாது. அதற்கு அடுத்த வரி: ‘அவற்றைத் தாளின் பின்பக்கத்தில், யார் கண்டது என்ற பெயரோடு, தனியாக எழுத வேண்டும்.’ கீழே கோடும் போட்டிருந்தேன். தாளின் பின்பக்கம் அச்சில்லாத வெறும் பக்கம். என் தாள்கள் எல்லாவற்றிலும் அது கடைசிவரை வெறுமையாகவே இருந்தது. மறந்துவிட்டேனா? இல்லை. அழகாகக் கட்டம் போட்ட ஒரு தாளின் பின்னால் அடுத்தவரின் கண்ணை எழுத எனக்கு மனம் வரவில்லை. அதைவிட நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

போன வருடம் தங்கை மகளின் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கக் காத்தான்குடிக்குப் போனேன். சுக்கானியார் அங்கே ஒரு துணிக்கடையின் வாசலில் காவலுக்கு இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே அந்தக் கடைக்கே போனேன். உறையையும் பையில் எடுத்துப் போனேன். நீலச் சீருடை அவருக்குத் தோளில் பெரிதாக இருந்தது. வெளியிலிருந்து கொண்டுவரும் பைகளின் வாயைக் கயிற்றால் கட்டி உள்ளே அனுப்புவது அவர் வேலை. திருடாமல் இருக்கத்தான்.

“கிளாக்கர்” என்றார், நேற்றுத்தான் கண்டவர் போல. “பையக் காட்டுங்க.”

உறையை எடுத்துக் கொடுத்தேன். “உங்கட கயிறு.”

வெளியே எடுத்துப் பார்த்தார். “எண்ணினயளா?”

“ஓம். இருபத்தாறு.”

“எண்ணுவீங்க. அதில உங்களுக்குக் குறை சொல்ல ஏலா.”

தாளின் பின்பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். எழுத இடம் இருந்தது, எழுதியிருக்கலாம், அது எனக்குத் தெரியும் என்று, சொல்லிப் பழகி வைத்திருந்த வார்த்தைகளைச் சொல்லி முடித்தேன். எனக்குப் பின்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு காத்து நின்றாள். சுக்கானியார் என் பையை வாங்கி, அதன் இரண்டு காதுகளையும் சேர்த்துப் பிடித்து, பச்சைக் கயிற்றை அதில் கோத்து, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். பழைய முடிச்சுகளைப் போலவே சின்னதாக, கெட்டியாக விழுந்தது.

“உள்ள வச்சுத் திறக்க வேணாம். கடைச் சட்டம். சட்டமெண்டா உங்களுக்குச் சொல்லத் தேவல்ல” என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, “பையக் காட்டுங்க, மகள்” என்றார்.

சேலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர் வேறு யாருடைய பையையோ கட்டிக்கொண்டிருந்தார். கட்டியவர்தான் அவிழ்த்துவிட வேண்டும். சிறிது நேரம் நின்றேன். அவர் நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து, முடிச்சை அவிழ்க்காமல், பையின் காதுகளை மடித்து மடித்துக் கயிற்றை உருவி எடுத்தேன். அதனால்தான் இருபத்தேழு. இருபத்தாறு அவர் கண்ட திமிங்கிலங்களுக்கு, பெரியவற்றுக்கு இரண்டாக. அதை இப்போது எழுதலாம். எந்தப் படகும் அதனால் வேகம் குறையப்போவதில்லை. இருபத்தேழாவதை என்னவென்று எழுதுவது?

நேற்று மறுபடி உறையை மேசைமேல் வைத்து, பேனாவின் மூடியைத் திறந்தேன். பெயர் எழுதும் இடத்தில் அவருடைய பெயரை முழுதாக எழுதிவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன். சமையலறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு பத்து. பேனாவை மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.